பார்க்கக் கூடாத மருமகனும் ஓடாத வண்டியும்

சனிக்கிழமை மத்தியானம் என் மாமா ஹாரிசன் டிரெய்லரோடு வருவார். அம்மாவின் வண்டி ஓடாவிட்டால் அவளுடைய ஆடுகளை அதில் ஏற்றிக் கேலப் நகரச் சந்தைக்குக் கொண்டுபோவார். அம்மாவையும் கூடவே டவுனுக்கு அழைத்துப்போவார். வண்டி ஓடி, எதிரே இருக்கும் செம்மண் மேட்டை ஏறிவிட்டால் வெறும் டிரெய்லரோடு திரும்பிவிடுவார். அண்ணனும் தங்கையும் பேசி முடித்த ஒப்பந்தம் இது. சனிக்கிழமை விடிந்தும் வண்டி ஓடவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம். அவர் அன்பாக வந்து, அன்பாக உட்கார்ந்து, அம்மா போட்ட ஆட்டுக்கறியை எலும்பு வரை உறிஞ்சிவிட்டு, அதே ஆட்டை விற்கச் சொல்கிறவர். போன சனிக்கிழமையும் அம்மாவிடம் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா லவைனா, என் வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மா கெடக்கு. குழாயைத் திருகினா தண்ணி. இங்க வண்டி படுத்துச்சுன்னா நீயும் படுத்த மாதிரிதானே?"

"எனக்குத் தண்ணி வரும், சரி. என் ஆட்டுக்கு? உன் குளியலறையில கட்டிப் போடவா?"

"ஆட்டை வித்துரலாம்மா."

"உன்னைய வித்துரலாமா?"

மாமா சிரித்தார். ஆனால் விடவில்லை. போன குளிர்காலத்தில் அம்மா பனியில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார், வயதைச் சொன்னார், முழங்காலைச் சொன்னார். கடைசியில் அம்மாதான் வாயைக் கொடுத்தாள். "அடுத்த சனிக்கிழமை வா. என் வண்டி அந்த மேட்டுல ஏறலைன்னா எல்லாத்தையும் ஏத்திட்டுப் போ. ஏறிட்டா, இந்தப் பேச்சை நீ இனிமே எடுக்கக் கூடாது." மாமா கையை நீட்டினார். இரண்டு பேரும் குலுக்கிக்கொண்டார்கள்.

வண்டியோ அப்போது எஞ்சின் திறந்து கிடந்தது. சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு ஊர் மன்றத்துக் குழாயிலிருந்து வரும் வழியில் அதன் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. காற்றாலைக் கிணறு வற்றியதிலிருந்து எங்களுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் தண்ணீர். அந்த வண்டி இல்லாமல் ஆடு இல்லை, ஆடு இல்லாமல் அம்மா இல்லை. என் கணவன் லியாண்டரிடம் பிக்கப் இருக்கிறது. ஆனால் அவன் ரயில் பாதை போடும் குழுவில் வேலை செய்கிறவன். வாரக்கணக்கில் அவனும் பிக்கப்பும் வேறு மாநிலத்தில் இருப்பார்கள்.

தலை நரைக்கும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள் என் அம்மா. அது நடுவழியில் நின்றபோதெல்லாம் தானே இறங்கிக் கை வைத்தவள். புது பெல்ட்டைத் தபாலில் வரவழைத்துத் தானே மாட்டினாள். மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினாள். செல்ஃப் அடித்தது, நன்றாகவே சுற்றியது. வண்டி மட்டும் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், பொறி வந்தது. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது. நெருப்பும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது, அடுப்பு மட்டும் எரிய மாட்டேன் என்கிறது. இப்படி இருந்தால் குற்றவாளி பெல்ட்தான். கீழே உள்ள கிராங்க் சக்கரத்தையும் மேலே இரு பக்கமும் உள்ள கேம் சக்கரங்களையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது அந்தப் பல் வைத்த ரப்பர் பட்டை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு குறி உண்டு. மூன்று குறியும் அதனதன் இடத்தில் நிற்கும்போது பட்டையை மாட்ட வேண்டும். ஒன்று தள்ளிப்போனாலும் தாளம் தப்பிவிடும். சில எஞ்சின்களில் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று மோதி உடைந்தே போகும். அம்மாவின் எஞ்சின் அந்த ரகம் இல்லை. எத்தனை தடவை தப்பாக மாட்டினாலும் பொறுத்துக்கொள்ளும், ஸ்டார்ட் ஆகாமல் பழிவாங்கும்.

வியாழக்கிழமை லியாண்டர் லீவில் வந்தான். வேறு வீடாக இருந்தால் மருமகன் வந்து மாமியாரோடு பானட்டுக்குள் தலையை விட்டிருப்பான், வேலை முடிந்திருக்கும். அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் நவஹோ வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும் என்பார்கள். பல வீடுகளில் இதை எப்போதோ விட்டாயிற்று. மாமியாரும் மருமகனும் ஒரே காரில் கடைக்குப் போகிறார்கள். என் அம்மா விடவில்லை. லியாண்டரும் விடவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி என் தலையிலும் நரை வந்துவிட்டது, இவன் இன்னும் அவள் மூக்கு எப்படி இருக்கும் என்று அறியாதவன்.

எங்கள் வீட்டை அடுத்துத்தான் அம்மாவின் வீடு. வெளியே போய்த் திரும்பும்போது மேட்டிலிருந்தே இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். உடனே இவன் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவான். வண்டி படுத்த பிறகு ஹாரன் ஏது? அம்மா காபி டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டிக்கொண்டே நடந்து வந்தாள். லீவில் வந்த அன்றைக்கே காற்றில் சத்தம் கேட்காமல், இவன் கடைசி நொடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கோழிக்கூண்டின் மேல் விழுந்தான். இரண்டு பேருமே அதைச் சிரிப்பான விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனதும் லியாண்டர் ஸ்பேனரோடு வண்டியடிக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன பண்ணுன?"

"சும்மா பார்த்தேன்."

"பார்த்ததுக்கா முழங்கை வரைக்கும் கிரீஸ்?"

"உங்கம்மாகிட்ட எதுவும் சொல்லாத. அடுத்த தடவை சாவியைப் போடட்டும், எடுத்துக்கும்."

சாவி அம்மாவின் கழுத்துக் கயிற்றில் தொங்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டாள். அதனால் இவனால் ஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது. நான் வாயை மூடிக்கொண்டேன். மாமியார் செய்த வேலையில் தப்பு என்று மருமகன் சொல்வதும் அதை நான் சுமந்து போவதும் எங்கள் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

மத்தியானம் அம்மா வந்தாள். நெடுநேரம் குனிந்து நின்றாள். பிறகு செல்ஃப் அடிக்கும் சத்தம். வண்டி பிடிக்கவில்லை. இவன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவள் சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைக்கப் போன நேரம் பார்த்து மறுபடி போனான், மறுபடி கிரீஸோடு வந்தான். இருட்டுவதற்கு முன் அவள் மறுபடி செல்ஃப் அடித்தாள். மறுபடி ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் காபி கொண்டுபோனேன். அம்மா எஞ்சின் முன்னால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கண் சிவந்திருந்தது. அழுதாயா என்று கேட்டால் மண் விழுந்தது என்பாள், அதனால் கேட்கவில்லை.

"இந்த வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்குடி, அர்லின்."

"ஏம்மா?"

"சாவி போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குறியைச் சரிபார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கிராங்க் குறி நகர்ந்திருக்கு. சரி பண்றேன், செல்ஃப் அடிக்கிறேன், எடுக்கலை. திரும்பி வந்து பார்த்தா மறுபடி நகர்ந்திருக்கு. அதே அளவு, அதே பக்கம். பெல்ட் தானா எப்படிடி நகரும்?"

காபிக் கோப்பை என் கையிலேயே நின்றது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவன் மரியாதை காட்டுகிறேன் என்று திருடன்போல வந்து திருத்திவிட்டுப் போகிறான். அவள் சாவி போடுவதற்கு முன் அதைத் தப்பு என்று நினைத்துப் பழையபடியே மாற்றிவிடுகிறாள். நேற்றிலிருந்து ஒரே எஞ்சினில் இரண்டு கெட்டிக்காரர்கள் வேலை செய்து ஒருவர் வேலையை ஒருவர் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள்! உலகத்தில் வேறு எந்த ஜாதி மெக்கானிக்கும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

"பேயும் இல்ல, பூதமும் இல்ல. உன் மருமகன்தான்," என்றேன்.

அம்மா எழுந்து நின்றாள். "என்ன?"

"நீ ஆடு மேய்க்கப் போறப்போ வந்து மாத்திட்டுப் போறாரு. நீ தப்புக் குறியில வச்சிருக்கியாம். சொன்னா உனக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லாம செய்யறாரு."

"என் வண்டியில? எனக்குத் தெரியாமலா?" அவள் முகம் கறுத்தது. ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தாள். நான் ஓரடி பின்வாங்கினேன். "எட்டு மைலுக்குத் தெரியற மாதிரி கிராங்க் சக்கரத்துல அம்புக்குறி போட்டிருக்கான் வண்டி செஞ்சவன். அதை மேல பார்த்து வச்சிருக்கேன். அதுல என்ன தப்பாம்? கேட்டுட்டு வா!"

ஓடினேன். லியாண்டர் பின்வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "சொல்லிட்டியா?" என்று என்னை முறைத்தான்.

"சொல்லாம இருப்பேனா? ரெண்டு பேரும் மரியாதை பார்த்துக்கிட்டே ஆட்டைத் தொலைங்க! அம்புக்குறியில என்ன தப்புன்னு கேக்கறாங்க."

"அம்பு பெல்ட்டுக்கு இல்ல. அது பிஸ்டன் எங்க இருக்குன்னு காட்டறதுக்கு. பெல்ட்டுக்கான குறி பின்னாடி விளிம்புல ஒரு சின்னக் கோடு. கிரீஸ்ல மறைஞ்சிருக்கும், துடைச்சாத்தான் தெரியும். என் தம்பி இதே மாதிரி வண்டியில அம்பைப் பார்த்து மாட்டிட்டு ஒரு மாசம் நடந்தே போனான்."

திரும்ப ஓடினேன். அம்மா கேட்டாள். "அப்ப அம்பை எதுக்குப் போட்டான்?"

திரும்ப ஓடினேன். "போட்டவன் எனக்கு மச்சானா? எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லு," என்றான் இவன்.

மூன்றாவது தடவை பாதி வழியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. தூரத்தில், மேட்டுக்கு அப்பால், புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தடம் வந்து சேர்வது எங்கள் இரண்டு வீட்டுக்குத்தான். வருவது மாமாதான். மத்தியானம் என்று சொன்னவர் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

"இனிமே நான் ஓட மாட்டேன்!" இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று கத்தினேன். "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வண்டிகிட்ட வாங்க. பார்க்காம வாங்க. எப்படின்னு நான் சொல்றேன்."

என் கல்யாணத்துக்கு வந்த கனமான கம்பளியைக் கொண்டுவந்தேன். வண்டியின் முன்பக்கம் ஏற்கெனவே தாங்கியில் உயர்ந்து நின்றது. பம்பரிலிருந்து கம்பளியைத் தரைவரை தொங்கவிட்டு ஓரத்தில் கல் வைத்தேன். மேலேயிருந்து கீழே எஞ்சின் இடுக்கு வழியாக முகம் தெரியாதபடி வண்டிக்குள் போடும் ரப்பர் பாயை நடுவில் செருகினேன். அம்மாவைத் தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளையைப்போலச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு, லியாண்டரைப் பக்கவாட்டில் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போகச் சொன்னேன். பிறகு அம்மாவைத் திருப்பினேன். மேலே கேம் சக்கரங்கள் அவளுக்கு, கீழே கிராங்க் சக்கரம் அவனுக்கு. நடுவில் நான்.

"அவர்கிட்ட சொல்லு, பெல்ட்டை என் கைதான் மாட்டும்," என்றாள் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் கீழிருந்து குரல் வந்தது. "அவங்க கைதான் மாட்டணும்னு சொல்லு."

"புது பெல்ட்டுல வெள்ளைக் கோடு மூணு இருக்கு. எதோடயும் ஒட்டலை. அச்சடிச்சவன் குடிச்சிருப்பான்னு விட்டுட்டேன். அவர்கிட்ட சொல்லு."

"குறி சரியா நின்னா மூணும் ஒட்டும்னு சொல்லு. நான் கிராங்க்கைத் திருப்பறேன். ஒட்டலைன்னா நானே வெளியில வந்து மாமாகூட ஆட்டை ஏத்தறேன்னும் சொல்லு."

நான் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் என்னிடம்தான் பேசினார்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி அம்மா அதை உருவினாள். கீழே துணியால் தேய்க்கும் சத்தம். "கோடு வந்திருச்சுன்னு சொல்லு," என்றான். அம்மா கேம் சக்கரங்களைத் தன் இடத்தில் பிடித்து, பெல்ட்டை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். முதல் வெள்ளைக் கோடு இடது கேமில் உட்கார்ந்தது. இரண்டாவது வலது கேமில். "கீழ?" என்று அம்மா கேட்டாள், யாரிடம் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. "உட்கார்ந்திருச்சு," என்றது கம்பளி.

தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளும்போது அம்மா கீழுதட்டைக் கடிப்பாள். கடித்தாள்.

அப்போது மாமாவின் டிரெய்லர் கடகடவென்று முற்றத்துக்குள் வந்து நின்றது. இறங்கினார். கம்பளியையும், அதற்கு அடியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஷூவையும், மேலே குனிந்திருந்த தங்கையையும் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா இது, சர்க்கஸா? டிக்கெட் எங்க வாங்கணும்?"

"வெளிய நின்னு பார்க்க டிக்கெட் வேண்டாம்ண்ணே," என்றாள் அம்மா நிமிராமல்.

"இந்தக் காலத்துல இன்னுமா இதெல்லாம்? ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்னிருந்தா எப்பவோ வண்டி ஓடியிருக்கும். கண்ணு போயிரும்னு சொல்லிச் சொல்லி இப்ப ஆடு போகுது பாரு!"

எனக்குச் சுரீர் என்றது. காரணம், அவர் சொன்னதில் பாதி உண்மை. அம்மா டென்ஷனரை இறுக்கி முடித்தாள். பிறகுதான் நிமிர்ந்து திரும்பினாள்.

"உன் மருமகன் உன்னைய தினமும் பார்க்கிறான்ல? மூஞ்சிக்கு நேரா நின்னு கிழவான்னு கூப்பிடறான். உன் டிரக்கைக் கேக்காம எடுத்துட்டுப் போறான். என் மருமகன் என்னை ஒரு நாளும் பார்த்ததில்ல. எனக்காகப் புழுதியில மல்லாக்கப் படுத்திருக்கார். என் தப்பை என்கிட்டகூடச் சொல்லாம நேத்திலேர்ந்து மறைச்சிருக்கார். நீ எதைப் பார்த்துச் சிரிக்கிற?"

மாமாவின் சிரிப்பு நின்றது. "வாய்ப்பேச்சுக்கு மேடு ஏறாதும்மா. சாவியைப் போடு," என்றார்.

அம்மா கழுத்துக் கயிற்றைக் கழற்றி உள்ளே உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். செல்ஃப் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு இருமல்கூட இல்லை. நிறுத்தி மறுபடி அடித்தாள். பேட்டரியின் குரல் தளர ஆரம்பித்தது. பெட்ரோல் நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது.

மாமா பெருமூச்சு விட்டார். சந்தோஷப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பட்டியை நோக்கி நடந்து கேட்டின் கம்பியை அவிழ்த்தார். ஆடுகள் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து அவரிடம் ஓடிவந்தன.

"பிளக் பெட்ரோல்ல நனைஞ்சிருக்கு!" கம்பளிக்கு அடியிலிருந்து லியாண்டர் கத்தினான். "ரெண்டு நாளா செல்ஃப் அடிச்சதுல ஊறிப்போயிருக்கு. ஆக்ஸிலேட்டரைத் தரை வரைக்கும் மிதிச்சுக்கிட்டு அடிக்கச் சொல்லு! எடுக்கற வரைக்கும் காலை எடுக்கக் கூடாதுன்னு சொல்லு!"

அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவின் கால் அதற்குள் அழுந்திவிட்டது. செல்ஃப் முனகியது. ஒரு சிலிண்டர் தும்மியது. இன்னொன்று. பிறகு நாலும் சேர்ந்து உறுமின. பின்னாலிருந்து கறுப்புப் புகை கிளம்பி மாமாவின் டிரெய்லரையே மூடிவிட்டது. நாய்கள் குரைத்தன. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கி, லியாண்டரைக் கம்பளியில் சுற்றி வீட்டுக்குள் தள்ளினேன். அம்மா எஞ்சினை அணைக்கவே இல்லை. ரேடியேட்டர் விசிறியை மாட்டிவிட்டு, பெல்ட் மூடியைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் கொக்கியில் கோத்தாள். "வெறும் வண்டி ஏறினா போதாது. தொட்டியோட ஏறுறேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு நல்லாப் பாருண்ணே," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். செம்மண் மேட்டில் சக்கரம் ஒரு இடத்தில் சறுக்கியது. மாமா தன்னை அறியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி பக்கவாட்டில் ஆடி, மண்ணைக் கடித்து, ஏறிவிட்டது.

"ஏறிட்டா," என்றார் மாமா. குரலில் என்ன இருந்தது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பட்டிக் கேட்டைத் தானே மூடிக் கம்பியை முறுக்கினார்.

இருவருக்கும் ரொட்டி பொரித்துப்போட்டேன். மாமாவும் லியாண்டரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லியாண்டரின் காது மடலில்கூட கிரீஸ். மாமா அவனைப் பார்த்து, "உன் மாமியா எப்படி இருப்பான்னு என்கிட்ட கேளு, சொல்றேன்," என்று சீண்டினார்.

"வேண்டாம் மாமா. எப்படி இருப்பாங்கன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் லியாண்டர்.

அப்போது மேட்டிலிருந்து ஹாரன் கேட்டது. இரண்டு தடவை, நீளமாக. லியாண்டர் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டான். அந்தச் சத்தத்துக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமாவும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க எங்க மாமா? நீங்க பார்க்கலாமே."

"இன்னிக்கு என்னாலயும் அவ மூஞ்சியைப் பார்க்க முடியாதும்மா," என்றார்.

மேட்டில் ஒரே ஒரு தடம்தான். மேலேயிருந்து நிறைந்த தொட்டியோடு அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து காலி டிரெய்லரோடு மாமா ஏறினார். இரண்டு வண்டியும் பாதியில் மூக்கோடு மூக்கு நின்றன. அம்மா ஹாரனைக்கூட அடிக்கவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மாமாதான் ரிவர்ஸ் எடுத்து மணலில் ஒதுங்கினார்.